நாலு லட்சம் ரூபாய், மூணு ஏக்கர் குட்டை: யாரை வைத்துச் சீர் செய்வது?

பெருந்துறைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து போன மாதம் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, எங்க ஊர்க் குட்டை மூணு ஏக்கரா. உள்ளே பூரா சீமைக் கருவேலம். ஊர்ல பிரிச்சதும், திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கற பசங்க குடுத்ததும் சேர்ந்து நாலு லட்சம் இருக்குது. ஹிட்டாச்சி உட்டு வாரிப்போடலாம்ங்கறாங்க ஒரு பக்கம். நூறு நாள் வேலையில சேர்த்துக்கலாம்னு பிரசிடெண்ட் சொல்றாருங்க. காலேஜ் பசங்க வந்து நாங்களே நாட்டு மரம் வெச்சுத் தர்றோம்ங்கறாங்க. எதுங்க நல்லது?"

ஊரும் தொகையும் மாறினாலும் கேள்வி இதுதான். அன்னூரிலிருந்து வருகிறது, காங்கேயத்திலிருந்து வருகிறது. சென்னிமலைக்குத் தெற்கே எங்கள் ஊர்க் குட்டையில் ஏழு வருடமாகச் சேற்றில் நிற்கிறேன். அந்தப் பாவத்துக்கு என்னிடம் கேட்கிறார்கள். மேலே சொன்ன மூன்று வழியையும் முயன்று மூன்றிலும் அடி வாங்கியிருக்கிறேன் என்பது மட்டும்தான் என் தகுதி. யாரும் கேட்காத நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது. அதையும் சேர்த்தே பார்ப்போம்.

## முதலில் எதை வைத்து அளப்பது

குட்டை எதற்கு? இதைக் கேட்டால் எல்லோரும் முறைப்பார்கள். தண்ணீர் நிற்கத்தான் குட்டை, இதில் என்ன கேள்வி என்பார்கள். ஆனால் ஆடு மாடு குடிக்கத் தண்ணீர் நிற்பது ஒன்று, சுற்றியுள்ள கிணறும் போரும் ஊறுவது இன்னொன்று. நிற்க வேண்டுமானால் அடியில் பூசினாற்போல் படிந்திருக்கும் களியைத் தொடக்கூடாது. ஊற வேண்டுமானால் அந்தப் படிவை நீக்கித்தான் ஆக வேண்டும். செய்கிற வேலையே வேறு. "ரெண்டுக்கும்தானுங்க" என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: ஒரு பாதியில் களியை அப்படியே விட்டு, மறுபாதியில் மட்டும் ஆழமாக எடுப்பது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எங்கள் பக்கம் வருடத்துக்கு அறுநூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர் மழை, அதாவது இரண்டு அடி. வெயிலும் ஆடிக் காற்றும் குடித்துப்போவது நாளைக்கு அரை சென்டிமீட்டர் என்று குறைத்து வைத்தாலும் வருடத்துக்கு ஆறு அடி ஆகிறது. ஆக, வானத்திலிருந்து நேராக விழும் மழையை மட்டும் நம்பினால் எந்தக் குட்டையும் நிற்காது. மேட்டுக்காட்டிலிருந்து ஓடிவருவதுதான் உயிர். நூறு ஏக்கர் காட்டில் பெய்கிற மழையில் பத்தில் ஒரு பங்கு வந்து சேர்ந்தாலே மூணு ஏக்கர் குட்டையில் ஏழு அடி ஏறும். அந்தப் பத்தில் ஒரு பங்கு உங்கள் ஊரில் எந்த வழியாக வருகிறது, எங்கே நிற்கிறது என்று தெரியுமா?

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் சேர்ந்த குட்டையென்றால் கணக்கு கொஞ்சம் மாறும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் போகிறது. பவானியில் உபரி ஓடும்போது காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுக்கும் 1.5 டிஎம்சிதான் எல்லோருக்கும் பங்கு. உபரி இல்லாத வருடம் நீங்களும் மேட்டுக்காட்டை நம்பியவர்தான்.

எவ்வளவு மண்? ஒரு ஏக்கரில் ஒரு அடி மண் என்றால் 435 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). மூணு ஏக்கருக்கு 1,300 யூனிட். மூணு யூனிட் டிப்பரில் 435 லோடு. இந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாராவது "ரெண்டு ஞாயித்துக்கிழமை எல்லாரும் மம்முட்டி எடுத்தா முடிஞ்சுது" என்பார்கள். அப்போது எடுத்துக் காட்டலாம்.

காகிதம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (நில விவரப் பதிவு) எஃப்எம்பி என்கிற புல அளவு வரைபடமும் வாங்கி எல்லையைப் பாருங்கள். பெரும்பாலும் கரையே பக்கத்துத் தோட்டத்துக்குள் போயிருக்கும். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மார்ச் 22, மே 1 என்று வருடத்தில் ஆறு நாள் சபை கூடுகிறது. மீன் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. தண்ணீர் நின்ற முதல் வருடமே ஒருவர் ரசீதோடு வந்து நின்றார்.

இரண்டாவது சித்திரையில் யார் வருவார்கள்? என் வரையில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி இதுதான். பூமி பூஜைக்கு இருநூறு பேர் வருவார்கள், பந்தலும் போடுவார்கள். அடுத்தடுத்த வருடம் சித்திரை வெயிலில் கன்றுக்குக் குடம் தூக்க யார் இருப்பார்கள் என்று மூன்று பேரைச் சொல்ல முடிந்தால் போதும். பெயரோடு சொல்ல முடியவேண்டும்.

## ஒரு பார்வையில்

| வழி | மூணு ஏக்கரில் ஒரு அடி வார | கையிலிருந்து போவது | கண்ணில் படாத செலவு | இரண்டாவது சித்திரை |
|---|---|---|---|---|
| இயந்திரமும் ஒப்பந்தமும் | ஒரு வாரம் | அதிகம் | செங்குத்துக் குழி, உடைந்த களி, கல் பதித்த கரை | யாரும் இல்லை |
| நூறு நாள் வேலை | அறுபது ஆளுக்கு இரண்டு மாதம் | ஊருக்குப் பெரிதாக இல்லை | காத்திருப்பு, கரையிலேயே கொட்டிய மண் | ஊர்ப் பெண்கள் இருப்பார்கள் |
| தன்னார்வலரும் நாட்டுச் செடியும் | எட்டு வருடம் | குறைவு | தண்ணீர் லோடு, காவல், சோறு, மனஸ்தாபம் | ஆளைப் பொறுத்தது |
| தண்ணீர் வரத்தை மட்டும் திறந்துவிடுவது | வாருவதே இல்லை | மிகக் குறைவு | பொறுமை, ஊர்ப் பேச்சு | தேவை குறைவு |

## ஒன்று: இயந்திரமும் ஒப்பந்தமும்

மண்ணை அள்ள இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரு ஹிட்டாச்சி ஐந்தாறு நாளில் 1,300 யூனிட்டைத் தோண்டிவிடும். எங்கள் பக்கம் மணிக்கு 1,800 ரூபாய் வாங்குகிறார்கள்; நாற்பத்தைந்து மணி நேரம் என்றால் எண்பதாயிரத்தைத் தாண்டும். செலவு உண்மையில் எகிறுவது டிப்பரில். மண்ணைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வேலையைத் தொடங்கினால் நாலு லட்சம் டீசலுக்கே போய்விடும். அதற்கு இப்போது நல்ல வழி இருக்கிறது. 2024இலிருந்து விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் தாசில்தார் அனுமதியிலேயே வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. ஊரில் பதினைந்து டிராக்டர் இருந்தால் அவர்களே வந்து ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். நீங்கள் தோண்டும் கூலி கொடுத்தால் போதும்.

சீமைக் கருவேலத்துக்கும் இயந்திரம்தான். அரிவாளில் வெட்டினால் அடுத்த மழைக்கு முன்பைவிடப் புதராகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டுவதற்கு முன் அனுமதி, ஏலம் என்று வருவாய்த்துறை வேலை இருக்கிறது. இன்னொன்று: மரத்தில் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பகுதி பகுதியாக எடுங்கள். ஒரே நாளில் மொட்டையடித்தால் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் உட்காரக் கிளை இருக்காது.

இனி மறைந்திருக்கும் செலவு. ஆபரேட்டருக்கு மணிக் கணக்கு. சீக்கிரம் ஆழம் காட்டினால்தான் வேலை நடந்த மாதிரி தெரியும். எங்கள் குட்டையில் மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் பத்தடிக்குச் செங்குத்தாக ஒரு குழி இறங்கியிருந்தது. அந்த வருடம் தண்ணீர் நின்றபோது அது எங்கே இருக்கிறதென்று மேலிருந்து தெரியவில்லை. பையன்கள் குதிக்கிற இடம். நாலு மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். அந்தக் கோடை வரை யாருக்கும் நிம்மதியான தூக்கம் இல்லை. ஒரு அடி இறங்க மூன்றடி நடக்கிற சரிவு வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இயந்திரம் ஓடும் நேரம் முழுக்க ஊர் ஆள் ஒருவர் அளவுக் குச்சியோடு பக்கத்தில் நிற்கட்டும்.

கல் பதிப்பும் நடைபாதையும் இந்த வழியோடு ஒட்டிக்கொண்டு வருபவை. நன்கொடை தரும் கம்பெனிக்குப் பெயர்ப்பலகை வைக்க இடம் வேண்டுமே. நாலு கரையும் கல் என்றால் தவளை ஏறாது, ஆமை ஏறாது, ஓரத்தில் கோரை முளைக்காது. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏறியது. அங்கே பறவை வந்து இறங்குவது ஆழமில்லாத ஓரத்தையும் சேற்றையும் நம்பித்தான்; கிரானைட் பெஞ்சுக்கு எந்த நாரையும் வருவதில்லை. ஆனால் கல்லே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. அலை போய் மோதுவது கிழக்குக் கரையில். அந்த ஒரு கரைக்கு மட்டும் கல் பதிப்பதில் நியாயம் இருக்கிறது. அங்கேயும் முதலில் வெட்டிவேரும் கோரையும் நட்டுப் பார்க்கலாம்.

இந்த வழி பொருந்துவது எப்போது? இரண்டடிக்கு மேல் வண்டல், உள்ளே சீமைக் கருவேலக் காடு, மண்ணை எடுத்துக்கொள்ள டிராக்டர்கள் தயார், மழைக்கு இரண்டு மாதமே பாக்கி. இதெல்லாம் சேர்ந்து இருந்தால் யோசிக்காமல் வண்டியைக் கூப்பிடுங்கள்.

## இரண்டு: நூறு நாள் வேலை

இதைக் கேலி செய்கிற பழக்கம் நமக்கு உண்டு, "மரத்தடியில உக்கார்ந்திருப்பாங்க" என்று. ஒரு நாள் சித்திரை வெயிலில் காய்ந்த குட்டையில் கடப்பாறை போட்டுப் பார்த்தால் கேலி நின்றுவிடும். எனக்கு நின்றது.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் என்று வைத்தால், மூணு ஏக்கரில் ஒரு அடிக்கு 3,700 ஆள் நாள். 2025-26இல் தமிழகத்துக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். அப்படியானால் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் அந்த ஊர்ப் பெண்கள் கைக்கே போகிறது. உங்கள் நாலு லட்சம் அப்படியே இருக்கிறது. ஹிட்டாச்சிக்குக் கொடுக்கும் காசு ஊரைவிட்டுப் போய்விடும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. மதிப்பீடு, ஒப்புதல், அளவெடுப்பு என்று உங்கள் அவசரத்துக்கு நடக்காது. இயந்திரம் சேர்க்க முடியாது. மண்ணைத் தூரமாகக் கொண்டுபோக வண்டியில்லாததால் கரையின் உள்சரிவிலேயே கொட்டுவார்கள். முதல் மழையில் பாதி திரும்ப உள்ளே வந்துவிடும். அதற்கு மட்டும் ஊர்க் காசில் இரண்டு டிராக்டர் விட்டால் தீர்ந்தது. திட்டத்தின் விதிகள் அவ்வப்போது மாறுவதால் ஊராட்சிச் செயலரிடம் இந்த வருட நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம், மரம் வைப்பதும் வைத்ததைப் பராமரிப்பதும்கூட இந்த வேலைக் கணக்கில் வரும். இரண்டாவது சித்திரைக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? குட்டைக்கு யாராவது குப்பை வண்டியைத் திருப்பினால் முதலில் சத்தம் போடுவதும் அங்கே மண் சுமந்த அம்மாக்கள்தான்.

வண்டல் ஒரு அடிக்குள் இருந்து, அவசரமும் இல்லாமல், ஊராட்சித் தலைவர் ஒத்துழைத்தால் என் ஓட்டு இதற்கே.

## மூன்று: தன்னார்வலரும் நாட்டுச் செடியும்

இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன், அதிகம் சந்தோஷப்பட்டதும் இதில்தான். அதனால் கொஞ்சம் நீளும்.

முதலில் மண் கணக்கை முடித்துவிடுகிறேன். முப்பது பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் வேலை செய்தால் எங்கள் அனுபவத்தில் ஒரு டிப்பர் மண். 435 டிப்பருக்கு 435 ஞாயிறு, எட்டு வருடம். அதுவும் முகூர்த்த நாள், தீபாவளி போனஸ் வாரம் எதுவும் இல்லாவிட்டால். ஒன்பதரைக்கு மேல் எல்லோருக்கும் கறிக்கடை ஞாபகம் வந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013இல் கோவை உக்கடம் பெரியகுளத்துக்கு ஞாயிறுதோறும் ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். அங்கேயும் இயந்திரம் கூடவே ஓடியது. ஆகவே தன்னார்வலர்களை மண் சுமக்க வைக்காதீர்கள். மூன்றாவது வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள். வராததற்குக் கூச்சப்பட்டு நாலாவது வாரம் போனையும் எடுக்க மாட்டார்கள்.

அவர்களால் மிக நன்றாக முடிவது செடி, விதை, ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக், கண்காணிப்பு. ஆகாயத்தாமரையை வாரினால் கரையில் போடாமல் எட்டக் கொண்டுபோய்க் காயவிட வேண்டும். ஒரு துண்டு திரும்ப விழுந்தால் போதும். சாக்கடை உள்ளே வருகிற வரை அது எத்தனை வாரினாலும் வரும்.

இனி மரம். முதல் வருடம் சுற்றுச்சூழல் தினத்தன்று, ஜூன் 5இல், 260 கன்று நட்டோம். எம்எல்ஏ வந்தார், போட்டோ வந்தது. கொங்குச் சீமையின் கிழக்குப் பாதிக்கு அந்தத் தேதி ஆகவே ஆகாது. வைகாசியில் ஒரு தூறல் போட்டுவிட்டு அடுத்து ஆடி முடியும்வரை காற்று மட்டும்தான் அடிக்கும். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அடுத்த சித்திரையில் எண்ணிப் பார்த்தபோது 31 கன்று இருந்தது. காய்ந்தது பாதி, ஆடு மேய்ந்தது மீதி. இரும்புக் கூண்டு போட்டிருந்தோம். முதல் மாதத்திலேயே பதினெட்டுக் கூண்டு எடைக்குப் போய்விட்டது.

அந்தக் கரையில் ஆடு ஓட்டும் ஆத்தா ஒருவர் உண்டு. எழுபதைத் தாண்டியவர். கூண்டைக் காணோம் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த தொரட்டியை ஊன்றி நின்று சொன்னார்: "ஏங் கண்ணு, இரும்பக் கட்டுனா மனுசன் தூக்குவான். அத்தன முள்ள வெட்டி ஓரமாக் குமிச்சு வெச்சிருக்கறீங்களே, அதச் சுத்திக் கட்டுனா எவன் தொடுவான்?" வெட்டிப்போட்ட சீமைக் கருவேல முள் மலைபோலக் கிடந்தது, அதுவரை அதைக் கொளுத்துவதாக இருந்தோம். "அப்ப உங்க ஆடுங்க ஆத்தா?" என்று கேட்டேன். "எனக்கு அந்தப் பக்கம் ஒரு தடம் உட்ருங்க சாமி, நான் இங்கிட்டு வரமாட்டேன்" என்றார். தடம் விட்டோம். அதற்குப் பிறகு மற்ற ஆட்டுக்காரர்களை விரட்டுவதும் அவரே.

இரண்டாம் முறை புரட்டாசிக் கடைசியில் எண்பது மட்டும் நட்டோம், முள் கட்டி. அறுபதுக்கு மேல் பிழைத்தன.

எதை எங்கே வைப்பது என்பதிலும் பாடம் உண்டு. மண்கரையின் உச்சியில் பெரிய மரம் வேண்டாம். ஒரு நாள் அது பட்டுப்போனால் வேர் மட்கிய துளை வழியே தண்ணீர் கசியும். கரைக்குப் பனை, அதன் வேர் சல்லிவேராக மண்ணைப் பிடிக்கும், பனங்கொட்டைக்குக் காசும் இல்லை. நீர்மருது, நாவல், புங்கன், பூவரசு, இலுப்பை எல்லாம் வரத்துப் பள்ளத்தின் ஓரத்திலும் கரையின் வெளிப்புற அடியிலும் வைக்கலாம். உள்சரிவில் வெட்டிவேர், அருகு, கோரை. குட்டைக்கு நடுவே ஹிட்டாச்சிக்காரரிடம் ஒரு திட்டு விடச் சொல்லி அதில் நாட்டுக் கருவேலம். மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் சாகாது, பறவை கூடு கட்டும். தாமரையும் சம்பும் மூணு ஏக்கருக்கு ஆகாது. அழகாக இருக்கிறதென்று போட்டால் நாலே வருடத்தில் தண்ணீரே கண்ணில் படாது. அல்லி போதும்.

கன்றுக்கு அலைய வேண்டியதில்லை. வனத்துறை நாற்றங்கால்கள் இருக்கின்றன. கோவை வன மரபியல் நிறுவனத்திலும் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலும் கேட்கலாம். நாற்றங்காலில் கிடைக்காதவை இட்டேரியில், அதாவது இருபக்கமும் உயிர்வேலி உள்ள வண்டித் தடத்தில், கிடைக்கும். வெள்வேல், கிளுவை, நொச்சி, ஆவாரை எல்லாம் நம் வேலியிலேயே இருந்தவைதானே.

நாட்டுச் செடி என்றால் போதாது, ஊருக்கு வேண்டிய செடியாக இருக்க வேண்டும். கரையின் வெளிப்பக்கம் ஆவாரையும் பூளைப்பூவும் வந்தபின், மார்கழிக் கடைசியில் காப்புக் கட்ட ஊரே அங்கே வருகிறது. தை நோன்புக்குப் பூப்பறிக்கப் பெண்பிள்ளைகள் வருகிறார்கள். சளிக்கு ஆவி பிடிக்க நொச்சி ஒடிக்கிறார்கள். அந்தச் செடிகளுக்கு நாங்கள் காவல் போட்டதே இல்லை. பெயர்ப்பலகையோடு நட்ட அரிய மரம் ஒன்று போன வருடம் காய்ந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

குறுகிய இடத்தில் நெருக்கி நடும் மியாவாக்கி அடர்வனம் பற்றியும் கேட்கிறார்கள். கரைக்கு வெளியே, தண்ணீர் வசதியோடு என்றால் சரி. நீர்பரப்புக்குள் வேண்டாம். குட்டையைக் காடாக்கிவிட்டுத் தண்ணீரை எங்கே வைப்பது?

செலவு கம்மி என்று நினைக்காதீர்கள். 200 கன்றுக்கு வாரம் இரண்டு தடவை, தடவைக்கு 15 லிட்டர் என்றால் வாரத்துக்கு 6,000 லிட்டர், ஒரு டேங்கர். தையிலிருந்து ஆனி வரை 24 லோடு. லோடு 800 ரூபாய் என்றாலும் 19,000. இது ஒரு கோடைக்கு. அப்புறம் காலைச் சோறு, கையுறை, பூட்ஸ், டீசல். முள்ளும் கண்ணாடி விரியனும் இருக்கிற இடத்தில் கல்லூரிப் பிள்ளைகளை இறக்கும்போது முதலுதவிப் பெட்டியும், ஆஸ்பத்திரிக்கு ஓட்டத் தயாராக ஒரு காரும் நிற்க வேண்டும். யார் பேர் நோட்டீஸில் முதலில் என்ற சண்டைக்கு ரூபாய்க் கணக்கு கிடையாது.

வண்டல் ஏற்கெனவே எடுத்தாகிவிட்ட குட்டைக்கும், ஊருக்குள் அல்லது பள்ளிக்கூடத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் குட்டைக்கும் இந்த வழி பிரமாதம். ஆள் நடமாட்டமில்லாத காட்டுக் குட்டைக்கு நகரத்திலிருந்து பஸ்ஸில் ஆள் கொண்டுவந்து செய்வது ஒரு வருட உற்சாகம்.

## நான்கு: வரத்தைத் திறந்துவிட்டுச் சும்மா இருப்பது

எங்கள் குட்டையில் முதலில் செய்தது ஹிட்டாச்சி வேலை. ஒன்றரை லட்சம் செலவழித்து இரண்டடி எடுத்தோம். அந்தக் கார்த்திகையில் நல்ல மழை. பக்கத்து ஊர்க் குட்டை கலிங்கு (உபரித் தண்ணீர் வழியும் இடம்) தாண்டி ஓடியது. எங்களுடையதில் முட்டிக்கால் தண்ணீர். ஒரு ராத்திரி மழையில் குடையும் டார்ச்சுமாக இரண்டு பேர் வரத்துப் பள்ளத்தோடு மேலே நடந்து போனோம். நானூறு மீட்டர் தாண்டி ஊராட்சி ரோடு. ரோட்டை மேடாக்கியபோது அடியில் போட்ட குழாயைப் பள்ளத்தின் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் வைத்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் குழாய்க்கு எட்டாமல் திரும்பி ரோட்டோரமாகவே இன்னொருவர் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. குழாயை இறக்கி வைக்க 38,000 ஆனது. அடுத்த மழையில் குட்டை நிறைந்தது. இரண்டடி தோண்டாமலே நிறைந்திருக்கும்.

கோவை வெள்ளலூர் குளத்திலும் கதை இதைப்போலத்தான். 2017இல் தன்னார்வலர்கள் வாய்க்காலைத் தூர்வாரிய பிறகே தண்ணீர் வந்தது. மரமும் பட்டாம்பூச்சியும் அதற்கு அப்புறம்.

தண்ணீர் இரண்டு மழைக்காலம் வந்து நின்றால், கோரையும் நீர்முள்ளியும் பொன்னாங்கண்ணியும் தானாக வரும். முக்குளிப்பான் வரும். நடாமல் வருவதைப் பார்த்துவிட்டு, வராததை மட்டும் நடலாம். இதில் கெட்டது என்னவென்றால், நன்கொடை கொடுத்தவர்கள் "காசு வாங்கினீங்களே, என்ன பண்ணுனீங்க?" என்று கேட்பார்கள். காட்ட ஒரு குழாய்தான் இருக்கும். சீமைக் கருவேலம் அடர்ந்த குட்டைக்கும் சாக்கடை வருகிற குட்டைக்கும் இது ஆகாது. சாக்கடையென்றால் மேற்சொன்ன நாலு வழியுமே ஆகாது. முதலில் அதைத் திருப்பிவிட்டு வாருங்கள்.

## அந்த நாலு லட்சத்துக்கு

பெருந்துறைக்காரருக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு இது. வரத்துப் பள்ளம், குழாய், கலிங்கு சீரமைப்புக்கு ஒரு லட்சம். சீமைக் கருவேலம் பிடுங்கவும் ஒரு பாதியை மட்டும் வாரவும் ஹிட்டாச்சிக்குத் தொண்ணூறாயிரம். மண்ணை ஊர் டிராக்டர்கள் எடுத்துக்கொள்ளட்டும். கன்று, முள்வேலி, இரண்டு கோடைக்குத் தண்ணீர் லோடு என அறுபதாயிரம். காலேஜ் பசங்களுக்குக் கொடுக்க வேண்டியது இந்த வேலைதான், கன்று நட அவர்களைப் புரட்டாசியில் வரச் சொல்லுங்கள். தண்ணீர் விட, பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆள் ஒருவருக்கு மாதம் 2,500 வீதம் இரண்டு வருடத்துக்கு அறுபதாயிரம். மறுபாதி வண்டலை நூறு நாள் வேலையில் எழுதச் சொல்லி அடுத்த கிராம சபையில் கேளுங்கள். மீதி தொண்ணூறாயிரத்தைத் தொடாதீர்கள். முதல் பெருமழையில் கரை எங்கேயாவது உடையும். கிழக்குக் கரைக்குக் கல் வேண்டுமா என்பதும் அப்போதுதான் தெரியும்.

"இப்ப என்னங்க முதல்ல பண்றது?" என்றார். மழை வரும்வரை எதுவும் பண்ண வேண்டாம், பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு பள்ளத்தோடு மேலே நடந்துவிட்டு வாருங்கள், போனில் வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்றேன். "சரிங்க" என்றார். போன வாரம் வீடியோ வந்தது. மூன்று நிமிடம், இரண்டாவது நிமிடத்தில் ஒரு தென்னந்தோப்புக் கம்பிவேலிக்கு முன்னால் தண்ணீர் இடது பக்கமாகத் திரும்புகிறது. தோப்பு அவருடைய பங்காளியுடையதாம்.